வழிகாட்டிக் கட்டை

நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றின் சிற்றாலயத்தில் மக்கள் நெடுங்காலமாகத் தரையில் பாய் விரித்து அமர்ந்தே திருப்பலி கண்டு வந்தனர். முதியோர் எழும்போது ஊன்றிக்கொள்ள எதுவுமின்றிச் சுவரைத் தேடித் தடுமாறுவதைப் பீடத்தில் நின்று பலமுறை கண்டிருக்கிறோம். ஓர் ஆடிக் காற்றில் ஆலய வளாகத்து வேம்பு வேரோடு சாய்ந்தது. விறகுக்கு விற்றுவிடலாம் என்றார்கள் சிலர். நாம் இசையவில்லை. அதைப் பலகைகளாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஓராண்டுக்கும் மேலாக நிழலில் உலர்த்தினோம். பன்னிரண்டு இருக்கைகளுக்கு அந்த மரம் போதும் என்று தச்சு மேஸ்திரி கணக்கிட்டுச் சொன்னார்.

மேஸ்திரியின் தந்தையார் இத்தருமபுரிச் சீமையில் ஏரும் நுகமும் செய்து பிழைத்தவர். டிராக்டர்கள் வந்தபின் மகன் கதவு சன்னலுக்கு மாறினார். இதை அவர் சொன்னபோது நமக்குக் குருமடத்து விரிவுரைகள் நினைவுக்கு வந்தன. இயேசுவின் தொழிலைக் குறிக்க மாற்கு எழுதிய 'டெக்டோன்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மரவேலை செய்பவர் என்றும் கட்டடம் கட்டுபவர் என்றும் பொருள் கொள்வர். அவர் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதியவர் 2ஆம் நூற்றாண்டின் புனித யுஸ்தீனார். மேஸ்திரியிடம் இதைச் சொன்னோம். "அப்ப நம்ம ஆளுதாங்க சாமி" என்று சிரித்துவிட்டு அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார்.

நம்மிடம் இருந்தவை இரண்டு இயந்திரங்கள். ஒன்று, அன்பர் ஒருவர் தந்த பழைய மேசை ரம்பம். மற்றொன்று, விளிம்புகளை உருட்டவும் பள்ளம் எடுக்கவும் வாங்கிய ரூட்டர். இருக்கையின் முதுகுச் சட்டத்தைத்தான் முதியோர் பற்றிக்கொண்டு எழுவார்கள். அதன் விளிம்பு கையை அறுக்கலாகாது. ரூட்டரைக் கையில் பிடித்து நீண்ட சட்டங்களை உருட்டுவது கடினம். அதற்கெனத் தனி மேசை வாங்கவோ நம் கணக்குப் புத்தகம் இடம் தரவில்லை. எனவே மேஸ்திரி ஒரு வழி கண்டார். ரம்ப மேசையின் வலப்புறச் சிறகில் ஒரு துளையிட்டு, ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி பொருத்தினார். ரம்பத்திற்கும் ரூட்டருக்கும் நடுவே நின்ற வழிகாட்டிக் கட்டை ஒன்றே. பட்டறையில் அதைக் 'கைடு' என்பார்கள். அதன் இடப்பக்கம் ரம்பத்திற்கு உதவும். வலப்பக்கம் ரூட்டருக்கு உதவும்.

அந்த வலப்பக்கத்தில்தான் நுட்பம் இருந்தது. இரும்புக் கைடில் பிட் உரசினால் இரண்டும் கெடும். ஆகவே 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு முகப்புப் பலகை செய்து, கைடின்மேல் திருகாணியால் இறுக்கினார். பிட் நிற்கும் இடத்தில் அப்பலகையில் அரைநிலா வடிவில் ஒரு வாய் வெட்டினார். பிட்டின் பெரும்பகுதி அந்த வாய்க்குள் ஒளிந்துகொள்ளும். வேண்டிய அளவு மட்டும் வெளியே நீட்டும். கைடின் முன்முனையை மட்டுமே மேசைத் தண்டவாளம் பிடித்திருந்தது; பின்முனை அசையாதிருக்க ஒரு 'சி' கிளாம்பு. இவ்வளவுதான் செலவு.

ரம்பத்திற்குக் கைடு வைக்கும்போது மேஸ்திரி படும் பாடு நமக்கு வியப்பளித்தது. ரம்பத் தட்டின் முன்பல்லிலிருந்து ஒரு முறை, பின்பல்லிலிருந்து ஒரு முறை என அளந்து, இரண்டும் ஒத்தால்தான் சுவிட்சைத் தொடுவார். கைடு தட்டுக்கு இணையாக இல்லாவிடில், பின்புறம் குறுகினால், மரம் நெருக்குண்டு அறுப்பவர் மீதே பாயும். ரூட்டருக்கோ அவர் அப்படி அளக்கவேயில்லை. காரணம் கேட்டோம். பிட் உருண்டை, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது, கைடு எந்தச் சாய்வில் நின்றாலும் பிட் எவ்வளவு நீட்டுகிறது என்பதே கணக்கு என்றார். 'ஓகோ, ரம்பத்தைவிட இது எளியது' என்று நாம் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணத்தை அப்போதே அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

ரம்பத் தட்டு மழுங்கியதால் சாணை பிடிக்க அதைக் கழற்றிக்கொண்டு மேஸ்திரி தருமபுரிக்குச் சென்ற நாள் அது. பட்டறையில் நாமும் அவருடைய உதவியாளனும் மட்டும் இருந்தோம். பத்தொன்பது வயதுத் தம்பி. நம் பங்கின் பீடப் பணியாளனாக வளர்ந்தவன். முதுகுச் சட்டங்களுக்கு நடுவே வரும் பட்டைகள் 60 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். சில 63 இருந்தன. ரம்பத்திற்குத் தட்டில்லை. ரூட்டரில் நேர்பிட் மாட்டியிருந்தது. கைடை பிட்டிலிருந்து 60 மி.மீ. தள்ளி நிறுத்தி, பட்டையை நடுவே செலுத்தினால் கூடுதல் 3 மி.மீ. உதிர்ந்துவிடுமே! ரம்பத்தில் அப்படித்தானே செய்கிறோம்?

"மேஸ்திரி வரட்டுங்க சாமி" என்றான் தம்பி.

"ஒரு பட்டைதானே தம்பி, பார்த்துவிடுவோம்" என்றோம்.

அவன் மறுபேச்சின்றி நம் இடப்புறம் போய், வரும் பட்டையை வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டி நின்றான். நாம் பட்டையை வலமிருந்து இடமாகத் தள்ளினோம். பிட்டைத் தொட்ட நொடியில் அது நம் கையில் இல்லை. வில்லிலிருந்து விடுபட்டது போல் பறந்து அவன் கையில் மோதிச் சுவரில் அடித்து விழுந்தது. பட்டையோடு இழுபட்ட நம் கை, பிட்டிற்கு நான்கு விரற்கடை தூரத்தில் நின்றது. தம்பியின் வலக்கை ஆள்காட்டி விரலில் எலும்பு விரிசல். உள்ளங்கையில் ஐந்து தையல்.

நிகழ்ந்தது என்ன என்பதை மேஸ்திரி அன்று மாலை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கையில் பிடிக்கும்போது மேலிருந்து பார்த்தால் ரூட்டர் வலஞ்சுழியாகச் சுழலும். தலைகீழாகத் தொங்கவிட்டால் இடஞ்சுழி. ஆகவே பிட்டின் நம் பக்கத்து விளிம்பு இடமிருந்து வலமாக ஓடுகிறது. கைடின் வாய்க்குள் பிட்டை ஒளித்து, மரத்தை வெளிப்புறமாக வலமிருந்து இடம் தள்ளினால், பற்கள் மரத்தை எதிர்த்து வெட்டும். மரமும் கைடோடு ஒட்டி நிற்கும். கைடை விலக்கி நடுவே மரத்தைச் செலுத்தினாலோ, பிட்டின் அப்புறத்து விளிம்பு மரத்தைத் தொடுகிறது. அது வலமிருந்து இடமாக, நாம் தள்ளும் திசையிலேயே ஓடுகிறது. நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அது மரத்தைக் கவ்விக்கொண்டு போய்விடும். ரம்பத்தில் மரம் தட்டுக்கும் கைடுக்கும் நடுவே போக வேண்டும். ரூட்டரில் ஒருபோதும் நடுவே போகலாகாது. கைடு அதே கைடுதான். அதனாலேயே நம் கை ரம்பத்தின் பழக்கத்தில் சென்றது.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "இதச் சொல்லித் தராம போனது என் தப்புங்க" என்றார். அவர் மேல் ஏற்றிக்கொள்ளத் தக்க தப்பன்று அது.

மருத்துவச் செலவையும் அவன் வேலைக்கு வராத நாட்களின் கூலியையும் நாம் கொடுத்தோம். அது எளிய பகுதி. வீட்டுக்குச் சென்று தம்பியின் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் பதறிப்போய், "சாமி சொன்னா அவன் எப்படிங்க மாட்டேம்பான்?" என்றார். நமக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே சுமந்து வந்தோம். அவன் ஒருமுறை தடுத்தான். இரண்டாம் முறை தடுக்க அவனால் இயலாது என்பது பட்டையைக் கையிலெடுத்தபோதே நமக்குத் தெரிந்திருந்தது.

மறு வாரம் மேஸ்திரி கைடில் மேலும் சில மாற்றங்கள் செய்தார். மேசைத் தண்டவாளத்தில் ஒரு துளையிட்டு, சிவப்பு வண்ணம் பூசிய முளை ஒன்றைச் செருகினார். முளை இருக்கும்வரை கைடைப் பிட்டை விட்டு இடப்புறம் விலக்க முடியாது. ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே முளையைக் கழற்ற வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். மரத்தைக் கைடோடு அணைத்துப் பிடிக்க, நுனியில் விரல் விரலாக அறுத்த சீப்புக் கட்டை ஒன்று. கை அருகே போகாதிருக்கத் தள்ளுகோல் ஒன்று. 10 மி.மீ. ஆழப் பள்ளத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் மூன்று தவணையாக எடுக்கும்படியும் சொன்னார். மெல்லத் தள்ளினால் வேம்பு கருகும், விரைந்து தள்ளினால் பிசிறும். அந்த வேகத்தை மட்டும் அவரால் சொல்லித்தர இயலவில்லை, காதால் கேட்டே பிடித்துக்கொண்டோம்.

தம்பி சில வாரங்கள் கழித்துத் திரும்பினான். மார்கழிக் குளிரில் அந்த விரல் சரியாக மடங்குவதில்லை என்று இன்றும் சொல்கிறான். முதல் முதுகுச் சட்டத்தின் விளிம்பை அவனே உருட்டுவதாகக் கேட்டான். முளையைத் தொட்டுப் பார்த்தான், சீப்புக் கட்டையை இறுக்கினான், பிறகு நம்மைப் பார்த்தான்.

"சாமி, நீங்க அந்தப் பக்கம் வேணாங்க. என் பின்னால நில்லுங்க."

நின்றோம்.