எண்பத்தெட்டுக் குடம்

பையன் வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டி இருக்கிறது. 'ஹாட் டப்' என்கிறார்கள். ஆறு பேர் சுற்றி உட்காரலாம். கழுத்துவரை வெந்நீர். பட்டனை அமுக்கினால் முதுகில், இடுப்பில், உள்ளங்காலில் குழாய் குழாயாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். 2022 மே மாதம் கலிஃபோர்னியாவில் காஸ்ட்ரோ வேலிக்குப் போய் இறங்கிய முதல் நாள் ராத்திரியே என்னை அதில் உட்கார வைத்துவிட்டான். இருபது மணி நேரம் விமானத்தில் மடங்கிக் கிடந்த முழங்கால் பத்து நிமிஷத்தில் நிமிர்ந்தது. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதில் மோட்டார் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு கதை உண்டு. ஜக்கூஸி என்பது தொட்டியின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து வந்து பெர்க்லியில் குடியேறிய சகோதரர்கள். பையன் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள், அப்புறம் வயலுக்கு பம்ப் செட். அவர்களில் காண்டிடோ என்பவரின் சின்ன மகனுக்கு முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் நீர் சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டிலும் கொடுக்கலாமே என்று அந்த அப்பா, குளியல் தொட்டிக்குள் வைக்கிற மாதிரி ஒரு பம்ப் செய்தார். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் அதே குடும்பத்து ராய் ஜக்கூஸி, பம்பைத் தொட்டியோடு சேர்த்தே செய்தார். பிள்ளையின் மூட்டுவலிக்காக ஒரு தகப்பன் செய்தது, இன்றைக்கு சினிமாவில் வில்லன் கையில் கோப்பையோடு உட்காருகிற இடமாகிவிட்டது.

எனக்கு சொர்க்கத்தைவிட கணக்குதான் முக்கியம். "எவ்வளவு தண்ணிடா பிடிக்கும்?" என்றேன்.

"350 காலன்பா."

1,325 லிட்டர். நங்கநல்லூர்க்காரன் மனசு லிட்டரில் நிற்காது, குடத்துக்குப் போய்விடும். பதினைந்து லிட்டர் குடம் என்றால் எண்பத்தெட்டு.

2003-ல் எங்கள் தெருவில் லாரி வரும் சத்தம் கேட்டால் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். நான் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்தப் போகுமுன் ஆறு குடம் தூக்கி வைத்துவிட்டுத்தான் சட்டை போடுவேன். 2019-ல் மறுபடியும். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஜூலை 12, முதல் ரயிலில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். டி.வி.யில் அந்த ரயிலுக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்து என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் நான்.

ஜூன் கடைசியில் பையன் சொன்னான். "இந்த வாரம் டப்பைக் காலி பண்ணணும்பா. மார்ச்ல மாத்தின தண்ணி."

"காலி பண்ணி?"

"புல்லுக்கு விட்டுட்டு, புதுசா பிடிக்கணும்."

எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த ஹேர்கிளிப் வரை தெரிந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் தொடர்ந்து மூன்றாவது வறட்சி வருஷம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் புல்லைக் காயவிட்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் என்னடா என்றால் எண்பத்தெட்டுக் குடத்தைக் கீழே விடுகிறேன் என்கிறான்.

"டேய், முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவன் நான். தண்ணியை என்கிட்ட விடு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவை என் கையில் கொடுத்தான். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அப்பா ஏதாவது ஒரு வேலையில் பிஸியாக இருந்தால் நிம்மதி.

ஸ்ட்ரிப் என்பது நம் லிட்மஸ் தாளின் பேரன். ஒரு குச்சியில் ஐந்தாறு கட்டங்கள். தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நிறம் காட்டும். டப்பாவில் ஒட்டியிருக்கிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். பிஹெச் 7.2-லிருந்து 7.8-க்குள். குளோரின் மூன்று பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. தினமும் காலையில் காபி முடித்ததும் போய் முக்கிப் பார்ப்பேன். குளோரின் குறைந்திருந்தால் வெள்ளைத் துகள் ஒரு ஸ்பூன். நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். ஜூலை முழுக்க ஒரு நாள் தவறவில்லை. தண்ணீரும் பளிங்காகவே இருந்தது.

கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 'ஸ்டெபிலைஸர்' என்று பெயர். அது கருத்துக்கொண்டே வந்தது. ஆகஸ்டில் அட்டையிலிருந்த கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டது. ஸ்டெபிலைஸர் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். நம் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் உறுமுகிற ஸ்டெபிலைஸர் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷ கெமிஸ்ட்ரி!

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள். ஒன்பது வயசு. ஏழு தோழிகள் வந்தார்கள். எல்லாருமாகத் தொட்டியில் இறங்கி இரண்டு மணி நேரம் ஒரே ஆட்டம். நான் காலையிலேயே முக்கிப் பார்த்து, குளோரின் மூன்று இருக்கிறது என்று மருமகளிடம் சர்டிஃபிகேட் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை ராத்திரி பேத்தி வயிற்றைச் சொறிந்துகொண்டே வந்தாள். நீச்சல் உடை மூடியிருந்த இடமெல்லாம் சிவப்பு சிவப்பாகக் கொப்புளம், சிலதில் சீழ் முனை. மறுநாள் டாக்டரம்மா பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஹாட் டப்பில் இறங்கினாளா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்கிற கிருமி. மண்ணிலும் நீரிலும் சாதாரணமாக இருப்பது. வெந்நீரில், கிருமிநாசினி சரியாக வேலை செய்யாத இடத்தில் பெருகி, முடிக்கால் வழியாகத் தோலுக்குள் போய்விடும். ஈரமான நீச்சல் உடை அதைத் தோலோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொள்ளும். தானாகவே சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயந்திரம் மருமகள் ஏழு வீட்டுக்கும் போன் செய்தாள். நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு போனிலும் அதே வாக்கியம். எங்கள் வீட்டு டப்பில் தண்ணீர் சரியில்லை, மன்னிக்க வேண்டும், உங்கள் பெண்ணுக்கு ஏதாவது இருக்கிறதா? இரண்டு பேருக்கு இருந்தது. ஏழு போனில் ஒன்றில்கூட 'என் மாமனார்' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நாங்கள் போட்ட வெள்ளைத் துகளுக்கு டைக்ளோர் என்று பெயர். குளோரினோடு சையனூரிக் அமிலத்தையும் சேர்த்தே தண்ணீரில் விடுவது. குளோரின் தன் வேலையைச் செய்து தீர்ந்துபோகும். அமிலம் போகாது, ஸ்பூனுக்கு ஸ்பூன் சேர்ந்துகொண்டே இருக்கும். அதுதான் ஸ்டெபிலைஸர். வெயிலில் குளோரின் வீணாகாமல் பிடித்துவைப்பது அதன் குணம். அளவுக்கு மீறினால், கிருமியைக் கொல்லவும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப் பாவம், பிடிபட்ட குளோரினையும் சேர்த்துத்தான் எண்ணும். மூன்று என்று காட்டும். மூன்று போலீஸ்காரர்கள் ஸ்டேஷனில் இருக்கிறார்கள், ஆனால் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. இந்த அமிலத்தை மருந்து போட்டு எடுக்கவெல்லாம் சுலப வழி கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மாதக்கணக்கில் தண்ணீரை மாற்றச் சொல்வதற்கு அழுக்கு, வியர்வை, சோப்புக் கறையோடு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எளிய கணக்குகூட வைத்திருக்கிறார்கள். காலன் கணக்கை மூன்றால் வகுத்து, தினசரி இறங்குகிறவர்கள் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வரும். எங்கள் வீட்டில் சராசரி இரண்டு பேர். ஐம்பத்தெட்டு நாள். நான் ஐந்தாவது மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலியாக்கினோம். கிருமி இருந்த தண்ணீர் என்பதால் முதலில் ப்ளீச் ஊற்றிக் குளோரினை ஏகத்துக்கு ஏற்றி, மோட்டாரை ஓடவிட்டான் பையன். பிறகு குழாய் கழுவுகிற ஒரு திரவம். அரை மணி நேரத்தில் ஜெட் வாய்களிலிருந்து பழுப்பு நிறத்தில் நுரையும், ஈரக் காகிதம் மாதிரி பிசுபிசுத்த செதில்களும் வர ஆரம்பித்தன. நான் இரண்டு மாதம் பளிங்கு பளிங்கு என்று பார்த்த தண்ணீருக்குப் பின்னால், குழாய்க்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது அது.

"இதைப் புல்லுக்கு விட முடியாதாடா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"இவ்வளவு குளோரின் போட்டாச்சேப்பா. புல்லு கருகிடும். தெரு ஓரக் கால்வாய்ல விட்டா நேரா ஓடைக்குப் போயிடும், மீன் செத்துடும். சாக்கடைக் குழாய்லதான் விடணும்."

ஹைப்போ போட்டால் குளோரின் போய்விடுமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜூனிலேயே மாற்றியிருந்தால் இரண்டு நாள் மூடியைத் திறந்துபோட்டு, குளோரின் பூஜ்யம் ஆனதும் புல்லுக்குப் பாய்ச்சியிருக்கலாம். இப்போது ஹோஸ் நேராக சாக்கடை மூடிக்குள் போனது. கரண்டை மெயினில் அணைத்தான். வறண்ட தொட்டியில் ஹீட்டர் ஓடினால் கருகிவிடும். சின்ன பம்ப் ஒன்றை உள்ளே இறக்கினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எண்பத்தெட்டுக் குடமும் போய்விட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். போகச் சொல்லி அவனும் சொல்லவில்லை.

அடியில் தங்கியதை எடுக்க நான்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் வீட்டு சம்ப் கழுவுகிற ஆள் செய்வது மாதிரி ஒரு மக்கும் பழந்துணியும். வழுக்கியது. பையன் கையைப் பிடித்துக்கொண்டான். "பாத்துப்பா." அந்த வாரம் முழுக்க அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று. கோபம் இல்லை. அவனும் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இருந்திருக்கிறான். துடைத்துக்கொண்டே, "தப்பு என்னோடதுடா" என்றேன். "ஃபில்டரை நானும்தான் கழுவலைப்பா" என்றான். வேட்டிக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்த அந்த ஃபில்டரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைப் பிரித்தான்.

புதுத் தண்ணீரை ஃபில்டர் இருக்கிற குழி வழியாகத்தான் விட வேண்டும். மேலாக விட்டால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் விட்டோம். இருந்தும் அடைத்துக்கொண்டது. மோட்டார் முனகியது, தண்ணீர் வரவில்லை. பம்ப் பக்கத்து இணைப்பைப் பையன் கால் திருகு தளர்த்தினான். புஸ்ஸென்று காற்று போய், சொட்டு வந்ததும் இறுக்கினான். ஓடியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் சியரா மலைப் பனி உருகி மொகெல்லம்னி ஆற்றில் வருவது. அவ்வளவு மென்மை. ஸ்ட்ரிப்பில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் கால்சியம் குளோரைடு வாங்கி நாமாகவே கடினமாக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நுரைக்கும், உள்ளே இருக்கிற உலோகத்தை அரிக்கும். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து, சோப்பு நுரைக்காமல், முடி கொட்டி நாங்கள் படுகிற பாட்டுக்கு, இங்கே ஒருவன் காசு கொடுத்து உப்புத் தண்ணீர் செய்கிறான்!

இருநூறு கிராம் சொச்சம். ஒரு ஜக் தண்ணீரில் கரைக்கும்போது பேத்தியைக் கூப்பிட்டு, வெளிப்பக்கம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கொப்புளமெல்லாம் வாடிக் காய்ந்திருந்தது.

"தாத்தா, சூடா இருக்கு! அடுப்புல வெச்சீங்களா?"

"இல்லை. கரையும்போது அதுவே சூடு குடுக்கும்."

"ஏன்?"

அரை மணி நேரம் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவி கிடையாது.

சில மணி நேரம் சுழலவிட்டு அப்புறம் ஆப்பசோடா, நூறு கிராம்போல. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் பாலாகிவிடும். ஆப்பசோடா போடுவது காரத்தன்மைக்கு. அது எண்பதிலிருந்து நூற்றிருபதுக்குள் நின்றால்தான் பிஹெச் ஆடாமல் இருக்கும். பிஹெச் முக்கியம், ஏனென்றால் 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமுள்ள வடிவத்தில் இருக்கிறது, எட்டுக்குப் போனால் கால்வாசிதான். ஜெட் ஓட ஓட காற்று கலந்து பிஹெச் தானாக ஏறும். கடைசியாகக் குளோரின். இந்தமுறை முதல் சில நாளைக்கு மட்டும் டைக்ளோர், அப்புறம் வாசனை சேர்க்காத ப்ளீச். ஒன்பது மணி நேரத்தில் தண்ணீர் 38 டிகிரிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பேத்தி நீச்சல் உடையோடு வந்து நின்றாள். நான் உள்ளே போய்விடலாம் என்று எழுந்தேன். மருமகள் ஸ்ட்ரிப் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா."

முக்கினேன். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். கடைசிக் கட்டத்தையும் பார்த்தேன்.

"இறங்கலாம்" என்றேன்.

ஐம்பத்தெட்டு நாள் கழித்து வருகிற தேதியைச் சமையலறைக் காலண்டரில் 'தண்ணீர்' என்று தமிழில் எழுதிவைத்தேன். அந்தத் தேதி வருமுன் நான் ஊர் திரும்பிவிட்டேன். அன்று காலை நங்கநல்லூர் மாடியில் டாங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டப்பைக் காலி பண்ணிட்டேன்பா."

"எங்கடா விட்டே?"

"ரெண்டு நாள் திறந்துபோட்டு, குளோரின் ஜீரோ பாத்துட்டு, புல்லுக்குத்தான்."

"எலுமிச்சை மரத்துக்கு விடலையே? உப்பு ஆகாது."

"விடலப்பா" என்றான்.