ஐநூறு ஏக்கர்

சித்தப்பா ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகக் கரைத்து சேகா மெகா டிரைவ் வாங்கிவந்த அன்று பாட்டி அடுப்பே பற்றவைக்கவில்லை. சித்தப்பா செனவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மலேசியாவின் ரெம்பாவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் கேம் பெட்டி வைத்திருந்த முதல் வீடு எங்களுடையதுதான். சாயங்காலமானால் லயத்துப் பிள்ளைகள் வாசற்படிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

பெட்டியோடு ஒரே ஒரு கேசட் வந்தது. 'பைரட்ஸ்! கோல்ட்'. கடற்கொள்ளைக்காரன் கேம். அட்டையில் அச்சு சாய்ந்திருந்தது, ஸ்டிக்கர் ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. கள்ளக் கேசட். கொள்ளைக்காரன் கதையைக் கொள்ளையடித்தே விற்றிருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. சிட் மையர் என்ற அமெரிக்கர் 1987இல் காமடோர் 64 கணினிக்குச் செய்த விளையாட்டு அது. மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1993இல் புதுச் சாயம் பூசி மெகா டிரைவுக்குக் கொண்டுவந்தது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

அதுவரை பசார் மாலாம் இரவுச்சந்தையில் நாங்கள் பார்த்த கேம்களில் வலப்பக்கம் ஓட வேண்டும், எதிரே வருபவனை உதைக்க வேண்டும். இதில் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கரீபியக் கடல் முழுக்க விரிந்து கிடக்கும். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே அடிக்கும். மேற்கே போவது சுலபம், திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், கப்பலில் சோறு தீர்ந்துவிடும், ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். கொள்ளையைப் பங்குபோட்டால்தான் அவர்கள் மனம் ஆறும். பங்கு கைக்கு வந்ததும் கலைந்துபோவார்கள். மறுபடி சாராயக்கடையில் ஆள் சேர்க்க வேண்டும். அதற்குச் சித்தப்பா வைத்த பெயர் சம்பளநாள். "சம்பளம் போட்டுடுவோமாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

கேமின் சூட்சுமம் ஒரு கடிதத்தில் இருந்தது. ஒரு நாட்டுக் கவர்னர் கொடுக்கும் அனுமதிக் கடிதம் கையிலிருந்தால் எதிரிநாட்டுக் கப்பலைக் கொள்ளையடிப்பது குற்றமில்லை, ஊழியம். கவர்னர் மாளிகைக்குப் போனால் பட்டம் கொடுப்பார், கூடவே நிலமும். கடிதம் இல்லாதவன் மட்டும்தான் கொள்ளைக்காரன்.

தாத்தா பின்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பார்ப்பார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். டெக் பயணி. கப்பல் என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வாந்தி நாற்றம். திரையில் ஓடும் ஆங்கிலம் அவருக்குப் புரியாது, எங்களுக்கும் பாதிதான். ஒரு நாள் நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒரே ஒரு சொல் அவர் காதில் விழுந்தது.

"ஏக்கரா? என்னடா ஏக்கரு?"

"நெலம் குடுத்திருக்காங்க தாத்தா. ஸ்பெயின்காரன் கப்பலை அடிச்சதுக்கு."

"எவ்வளவு?"

"எல்லாம் சேத்து ஐநூறு ஏக்கர்."

இடிப்பது நின்றது. விரல் விட்டு ஏதோ எண்ணினார். "ஐநூறு ஏக்கருக்கு அம்பது அறுபது ஆளாவது வேணுமே. ஆள எங்கேருந்து எறக்குவான்?"

சித்தப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கிழவருக்கு எதைப் பார்த்தாலும் நிரைக் கணக்குதான். ஒருவன் விடியலில் எத்தனை மரம் வெட்டுவான், மங்கில் எவ்வளவு பால் சேரும், மழை வந்தால் எவ்வளவு போகும், இதுதான் அவர் படித்த படிப்பு.

தாத்தா கேட்டது கேள்விதான் என்று எனக்குப் புரிய இருபது வருடமானது. அந்தக் கேமில் கப்பல் நிறையச் சர்க்கரை ஏற்றலாம், புகையிலை ஏற்றலாம். கரும்பை வெட்டியவனை எங்கேயும் பார்க்க முடியாது. உண்மையான கரீபியனில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தட்டுப்பாடு. 1853இல் மார்ட்டினிக்கிலும் மறு வருடம் குவாதலூப்பிலும் ஒப்பந்தக் கூலிகளோடு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றிய ஆட்கள். நாங்கள் வாரக்கணக்கில் நங்கூரம் போட்ட அதே தீவுகள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் அங்கே மாலியெமென் என்ற பெயரில் இருக்கிறாள். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் எவ்வளவு தூரம்? தாத்தா வேறு கப்பல் ஏறினார், அவ்வளவுதான்.

கொள்ளைக்காரன் கதைக்குக் கரீபியன்வரை போக வேண்டியதே இல்லை என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. ரெம்பாவ் ஆறு சிம்பாங்கில் லிங்கி ஆற்றோடு கலந்து மலாக்கா நீரிணையில் விழுகிறது. அந்த முகத்துவாரத்தில், கோலா லிங்கியில், டச்சுக்காரர் 1757இல் கட்டிய கோட்டை இடிந்து நிற்கிறது. ஈயம் ஏற்றி ஆற்றில் இறங்கும் படகுகளுக்கு மலாய்த் தலைவர்கள் சுங்கம் கேட்பார்கள். மலாக்கா வியாபாரிகளுக்கு அது கொள்ளை. 1641இல் மலாக்காவையே டச்சுக்காரர் பீரங்கியோடு வந்து எடுத்துக்கொண்டது மட்டும் ஆட்சி. கையில் கடிதம் இருந்தது, வேறென்ன.

தாத்தா போய்விட்டார். தோட்டத்தில் இப்போது செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள்.

என் மகன் கணினியில் விளையாடுவது 2004இல் ஃபிராக்சிஸ் மறுபடி செய்த 'பைரட்ஸ்!'. அலையில் வெயில் மினுங்குகிறது, கவர்னர் மகளோடு நடனமாட வேண்டியிருக்கிறது. அந்த நடனம் எனக்குப் பிடிக்கவில்லை. மெகா டிரைவின் கட்டம்கட்டமான கடலில் இருந்த பயம் இதில் கொஞ்சம் குறைவு, அல்லது எனக்கு வயதாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் மார்ட்டினிக் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தான். சர்க்கரை மலிவாம்.

"எத்தனை டன் வாங்கட்டும்பா?"

கப்பலில் ஆள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவன் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.