அறுநூறு ரூபாய்

கொச்சியில் இருக்கும் என் தங்கையின் மகள் போன மே விடுமுறைக்குத் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்து வயது. கொச்சியில் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில், ஹைகோர்ட் துறைக்கும் வைப்பினுக்கும் போய்வந்து பழகியவள். மெட்ராஸ் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பிய அன்று, ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கியதுமே கேட்டாள்: "ரயில்லேர்ந்து இறங்கி, படகு எங்க ஏறணும் மாமா?"

இங்கே படகு கிடையாது என்றேன். ஏன் என்றாள். அன்று முழுக்க அந்த ஏனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னது எதுவும் பொய்யில்லை. ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன்.

ஆவடி லோக்கலில் சென்ட்ரல் போய், பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினோம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் நாற்றம் பெட்டிக்குள் வந்தது. அவள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்த ஆற்றில் 1970களின் தொடக்கத்தில் படகு விட்டார்கள், துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயரை வைத்தார்கள் என்றேன். சேப்பாக்கம் தாண்டியதும் கீழே பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டினேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு வந்த பசித்த ஜனங்கள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் வெட்டிய பகுதி அது. விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்து இறங்கின. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு இதில் படகேறித்தான் மாமல்லபுரம் போனார். இப்போது நாங்கள் போகும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. படகின் வழியில் ரயில் போகிறது.

"யாரு மாமா இவ்ளோ அழுக்காக்கினது?"

ஆக்கிரமிப்பு, ஃபேக்டரிக் கழிவு, கண்டுகொள்ளாத கவர்மென்ட் என்று அடுக்கினேன். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் தலையாட்டினார். எனக்கு உள்ளே என்னவோ செய்தது.

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வராத வருஷங்களில், செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும். பச்சைக் குழாயைக் கேட் வழியாக, துளசி மாடத்தை ஒட்டி இழுத்துப் போய் உள்ளே இறக்குவார்கள். மோட்டார் ஓடும் அரைமணி நேரமும் மனைவி ஜன்னல்களைச் சாத்தி ஊதுபத்தி ஏற்றி வைப்பாள். முதல் தடவை இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் விடணும் சார், டீசல், காத்திருக்கிற நேரம் எல்லாம் இருக்கு என்று கூடுதலாக அறுநூறு ரூபாய் கேட்டார். இன்னொருவர் அறுநூறு குறைத்துச் சொன்னார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "அத நாங்க பாத்துக்கறோம் சார்." குறைத்துச் சொன்னவரையே வரச் சொன்னேன்.

இதையாவது தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. சில மாதம் கழித்து ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து, திருவேற்காடு பக்கம் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். கூவத்தின் கரையோரம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு லாரி பின்பக்கமாக நின்றது. அதே பச்சைக் குழாய். தண்ணீர் கொட்டுகிற சத்தம். நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

டேங்க் மறுபடி நிரம்பியபோது அதே ஆளையே கூப்பிட்டேன். அதற்கடுத்த தடவையும். பையனின் ஸ்கூல் பீஸ், வீட்டுக் கடன் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். அறுநூறு ரூபாய் இல்லாத வீடில்லை எங்களுடையது. திருவேற்காட்டில் விழுந்தது கோயம்பேடு, அமைந்தகரை, எழும்பூர் வழியாகச் சிந்தாதிரிப்பேட்டைக்குத்தான் வந்தாக வேண்டும். அவள் மூக்கைப் பொத்திய இடம் அது.

படகு கேட்ட குழந்தையைச் சும்மா திருப்பி அழைத்துப்போக மனமில்லை. திருவான்மியூரில் இறங்கி, பஸ் பிடித்து முட்டுக்காடு போனோம். லைஃப் ஜாக்கெட்டில் கழுத்து வரை மூழ்கி, படகின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். காற்று அடித்தது. முகமெல்லாம் சிரிப்பு. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது என்றாள். காலையில் ரயிலிலிருந்து பார்த்தோமே, அந்தக் கால்வாய் இங்கேயும் வருகிறது என்றேன். "அப்போ ஒரு காலத்துல ரயிலே வேண்டாம், சென்ட்ரல்லேர்ந்து இங்க வரைக்கும் படகுலயே வந்திருக்கலாம், இல்ல மாமா?" ஆமாம் என்றேன்.

சொல்லிக்கொண்டே குனிந்து, நான்கு விரலையும் தண்ணீரில் விட்டாள். கொச்சியில் பழகிய கை. என்னையும் அறியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டேன். வலித்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் மாமா?"

"மீன் கடிக்கும்" என்றேன். நம்பிவிட்டாள். ஊருக்குப் போகும்வரை மீனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.