அப்பாவின் கடிகாரமும் சுட்ட 7805-ம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். நம்ம முட்டாள்தனத்தை நாமளே ஊருக்குச் சொல்லணுமான்னு ஒரு கூச்சம். இன்னொருத்தராவது தப்பிச்சுக்கட்டுமேன்னு இப்போ எழுதறேன்.

அப்பாவுக்கு சர்க்கரை. ராத்திரி 8 மணிக்கு இன்சுலின் போட்டுக்கிட்டு உடனே சாப்பிடணும். கண்ணுல புரை வேற. சுவர்க்கடிகாரத்து முள் தெரியலைன்னு புலம்பினார். "கடையில வாங்காதீங்கப்பா, பெரிய எழுத்துல நானே செஞ்சு தர்றேன், 8 மணிக்குச் சத்தமும் போடும்"னு வீறாப்பா சொல்லிட்டேன்.

ரிச்சி தெருவுக்குப் போய் ஏடிமெகா328பி சிப் ஒண்ணு, சிவப்பு எல்இடி டிஸ்ப்ளே எல்லாம் வாங்கியாச்சு. ஏற்கனவே ஆர்டுயினோ பலகையில ஓட்டிப் பார்த்த நிரலை அப்படியே புது சிப்புல ஏத்தினேன். ஒரு நிமிஷம் நகர 16 நிமிஷம் ஆச்சு!

காரணம் சிம்பிள். பலகையில இருந்தது 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். புதுசா வாங்குற சிப்போ தனக்குள்ள இருக்குற 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை 8-ஆல வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓடும். தப்பு எத்தனை மடங்குன்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சிடும். 8 மடங்கு, 16 மடங்குன்னு முழுசா வந்தா ஃப்யூஸ் பிட்டைப் பாருங்க, சாலிடரிங்கைச் சந்தேகப்படாதீங்க.

கிரிஸ்டல் வாங்க மறுபடி போகச் சோம்பல். உள்ளேயே 8 இருக்கே, அது போதும்னு ஃப்யூஸை மாத்த உட்கார்ந்தேன். இ2-ன்னு அடிக்க வேண்டிய இடத்துல இ0-ன்னு அடிச்சுட்டேன். சிப் செத்துப் போச்சு. நிஜத்துல சாகலை. இ0-ன்னா "வெளியில இருந்து துடிப்பு வரும், காத்திரு"ன்னு அர்த்தம். பாவம், அது காத்துக்கிட்டு இருந்தது. ஆர்டுயினோவுல இருந்து சதுர அலை ஒண்ணை 9-ஆம் காலுக்குக் கொடுத்தேன், எழுந்து உட்கார்ந்தது. செத்துடுச்சுன்னு குப்பையில போடறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

அந்த உள் ஆசிலேட்டர் கடிகாரத்துக்கு ஆகாது. தொழிற்சாலையில இருந்து வரும்போதே 10 சதவீதம் வரைக்கும் முன்னே பின்னே இருக்கலாம். நான் ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு, ஏசி அறையில மேஜை மேல திறந்து வெச்சு, ஆஸ்கேல் ரெஜிஸ்டரைத் திருத்தி, கைபேசி நேரத்தோட ஒட்ட வெச்சேன். நிரல்லயும் கொஞ்சம் கூட்டிக் குறைச்சதுல வினாடி பிசகாம ஓடுச்சு. எனக்கு நானே ஒரு சபாஷ்.

அப்புறம் எல்லாத்தையும் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, சித்திரை வெயில்ல ஊருக்குக் கொண்டு போய் மாட்டிட்டு வந்தேன்.

நாலாம் நாள் ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. குரல் நடுங்குது. "அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை காலெல்லாம் உதறிடுச்சுடா. சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்ததும்தான் தெளிஞ்சார்." அப்பா 8 மணின்னு ஊசி போட்டிருக்கார். அப்போ நிஜ நேரம் 7. அம்மா இன்னும் உலையே வைக்கலை. முந்தின நாளே "சாப்பாடு ஏன் லேட்டு"ன்னு கேட்டாராம். யாரும் கவனிக்கலை.

அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். 7805-ஐத் தொட்ட விரல் சுட்டுடுச்சு. வீட்டுல கிடந்த 12 வோல்ட் அடாப்டரைத்தான் மாட்டியிருந்தேன். டிஸ்ப்ளே இழுக்குறது 200 மில்லிஆம்ப். மிச்ச 7 வோல்ட்டும் 7805-லதான் எரியணும்: 7 பெருக்கல் 0.2, 1.4 வாட். ஹீட்சிங்க் இல்லாட்டி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி ஏறும். அப்போ அறைச் சூட்டுக்கு மேல 90 டிகிரி! அதுக்குப் பக்கத்துலயே சிப். சூடு ஏறினா உள் ஆசிலேட்டரும் வேகம் மாறும். ஒரே ஒரு சதவீதம் ஓடினாலும் நாளைக்கு 14 நிமிஷம். நாலு நாள்ல ஒரு மணி நேரம். சூடு வேற, நேரம் வேறன்னு நினைச்சிருந்தேன். ரெண்டும் ஒரே கோளாறு.

7805-ஐயே கழட்டிட்டு 5 வோல்ட் மொபைல் சார்ஜரைக் கொடுத்தேன். நேரத்தைப் பார்த்துக்க டிஎஸ்3231 சிப். அதுவே வெப்பத்துக்கு ஏத்த மாதிரி தன்னைத் திருத்திக்கும். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் தப்பினா அதிகம். டப்பாவுல ஓட்டையும் போட்டாச்சு. மூடின டப்பாவோட ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இந்தத் தடவை மாட்டினேன்.

அப்பா ஒரு வார்த்தை திட்டலை. "நல்லாத்தான் ஓடுது"ன்னார். ஆனா இப்பவும் 8 மணிக்குக் கடிகாரம் கத்தினதும், ஊசியைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, சோறு ஆச்சா?"ன்னு கேட்டுக்கறார்.

அதுதான் சரி. நான் செஞ்ச எதை விடவும் நம்பகமான சோதனை அது.