மழை பெய்யாத வீட்டில் ஒரு செடி

"உங்கட வேர் எங்கே?" இந்தக் கேள்வி உங்களையும் துரத்தியிருக்கும். என்னிடம் இதற்கு நேரான பதில் இல்லை. ஆனால் எங்கள் டொரொன்டோ வீட்டு யன்னலோரம் நிற்கும் எக்மியாவைப் பார்த்தால், கேட்கவேண்டிய கேள்வியே வேறு என்று படுகிறது.

எக்மியா ஃபாஸியாட்டா அன்னாசிக்குச் சொந்தம். ஊர், தென்கிழக்கு பிரேசிலின் மழைக்காடு. அங்கே மரக்கிளைகளில் வளரும். புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சாது. வேரால் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெள்ளிக்கோடு போட்ட இலைகள் சேர்ந்து நடுவில் ஒரு கும்பா மாதிரி நிற்கும். அதில் தேங்கும் மழைநீரும், விழுந்து மக்கும் சருகும்தான் பெரும்பாலும் அதன் சாப்பாடு.

எங்கள் வீட்டுக்குள் மழை பெய்யாது. அம்மாதான் கும்பாவில் தண்ணீர் ஊற்றுகிறார். தமிழும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு அது மழையாகப் பெய்தது: சந்தையில், பள்ளிக்கூடத்தில், தெருச்சண்டையில்கூட. எனக்கோ யாராவது ஊற்றினால்தான் உண்டு.

இந்தச் செடி ஒருமுறைதான் பூக்கும். இளஞ்சிவப்புப் பூங்கொத்து மாதக்கணக்கில் நிற்கும். பிறகு தாய்ச்செடி மெல்ல வாடும். அடியில் குட்டிகள் வரும். தாயின் பாதி அளவு வளர்ந்ததும் பிரித்து நடலாம்.

எங்கள் செடியில் இப்போது இரண்டு குட்டிகள். செப்டெம்பரில் ஒன்றைப் பல்கலைக்கழக விடுதிக்குக் கொண்டுபோகிறேன். அங்கே தண்ணீர் ஊற்ற அம்மா இல்லை. ஞாயிறுதோறும் அம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்துத் தமிழில் கதைப்பதும் இனி என் வேலைதான்.