தோளில் ஒரு சில்லு

வருடாந்திர மதிப்பீடு வந்த அன்று பக்கத்து மேசைத் தம்பி தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அண்ணே, என் தோள்ல சிப் இருக்குன்னு எழுதியிருக்காங்க. நல்லதா, கெட்டதா?"

எழுதியவர் லண்டனில் இருக்கும் மேலாளர். எங்களுடையது மென்பொருள் கம்பெனி. சிப் என்றதும் மூளைக்காரன் என்று பாராட்டியிருக்கிறார் போல எனத் தம்பி பாதி நம்பிவிட்டிருந்தார். மனசில் குறையை வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொண்டு நிற்பவன் என்று அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன்.

கம்ப்யூட்டருக்கும் இந்தச் சிப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கோடாலி போடும்போது தெறிக்கிற மரச்சில்லு அது. 1830 மே மாதம் நியூயார்க் மாநிலத்து ஹெம்ப்ஸ்டெட்டில் வெளிவந்த லாங் ஐலண்ட் டெலிகிராஃப் என்ற செய்தித்தாள் இந்த வழக்கத்தைச் சொல்கிறது. இரண்டு முரட்டுப் பையன்கள் மோதுவதென்று முடிவானால் ஒருவன் தோளில் சில்லு ஏறும். தைரியமிருந்தால் மற்றவன் தட்டிவிட வேண்டும்.

இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். சில்லு வைத்திருப்பவன் அசையக்கூடாது, அசைந்தால் விழுந்துவிடும். சண்டைக்கு நிற்பவனே சாதுவாக நிற்க வேண்டும். முதலில் கை வைத்த பழி எதிராளிக்கு! எங்கள் தெருவில் இதற்கு மண்ணில் கோடு கிழிப்போம். "தாண்டுடா பார்ப்போம்." அடி வாங்கிய பிறகு வாத்தியாரிடம், "அவன்தான் சார் முதல்ல தாண்டினான்" என்று சொல்லலாம். 1970களின் கடைசியில்கூட நடிகர் ராபர்ட் கான்ராட் எவரெடி விளம்பரத்தில் தோளில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு, தட்டிப் பார் என்று முறைத்தார். அமெரிக்கர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். அரசுக் கப்பல் தளங்களில் மிஞ்சிய மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போவது தச்சர்களின் பழைய உரிமை. கூலியின் ஒரு பகுதி மாதிரி. மூன்றடிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல மரத்தையே மூன்றடிக்கு அறுத்துக் கட்டிவிடுகிறார்கள் என்று நிர்வாகம் புலம்பியது. தோளில் சுமக்காதே, அக்குளில் இடுக்கும் அளவுதான் என்றது. 1756இல் சாத்தம் தளத்து வாசலில் தொழிலாளர்கள் தோளிலிருந்து கட்டை இறக்க மறுத்து நடந்தார்கள். 1801இல் அந்த உரிமையே போய், கப்பல் தச்சருக்கு நாளைக்கு ஆறு பென்ஸ் என்று காசாயிற்று.

சொற்றொடர் அமெரிக்காவில் தலைகாட்டியது என்பதால் இந்தக் கதையை மூலமாக ஏற்க முடியாது. ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுதான். பையன் தோளில் இருந்தது சவால். தச்சர் தோளில் இருந்தது பாத்தியதை. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் மேலே இருப்பவர் வாயிலிருந்துதான் வருகிறது. கேட்பவனின் கேள்வியை அவனுடைய குணக்கேடாக மாற்ற இதைவிடச் சுருக்கமான வழி ஆங்கிலத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. கேள்வி நியாயமா என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. நிஜமாகவே காரணமில்லாமல் முறைப்பவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். தம்பி அந்த ரகமில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புரமோஷன் ஏன் தள்ளிப்போச்சுன்னு மூணு தடவை மெயில் போட்டேன். அதைத்தான் சொல்றாங்களாண்ணே?"

மதிப்பீட்டுப் படிவத்தின் அடியில் ஊழியர் கருத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நாங்கள் யாரும் நிரப்பியதில்லை. தம்பி அதில் மூன்று மெயில்களின் தேதிகளையும் வரிசையாகத் தட்டினார். கீழே, மூன்றுக்கும் பதில் வரவில்லை என்று ஒரு வரி. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனோம்.