இலட்சத்தில் எத்தனை பேர்?

அரிய நோய் என்று மருத்துவர் சொன்னால் நம் மனம் என்ன கணக்குப் போடுகிறது, வாசகர்களே? அது அடுத்த வீட்டுக்காரருக்கு வருவது என்றுதானே! நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் தம்பிக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். உடம்புச் சூடு என்று உம்மா மணத்தக்காளிக் கீரை ஆக்கிக் கொடுப்பார்கள். பின்னர்க் கண் சிவந்தது. வெளிச்சம் கண்டால் கூசியது. மருத்துவர் பலரைப் பார்த்தோம். ஆண்டுகள் சில கழிந்த பிறகு, மூத்த மருத்துவர் ஒருவர் அவனைத் தனியே அழைத்து, "மறைவிடத்திலும் புண் வருவதுண்டா?" என்று கேட்டார். தம்பி தலைகுனிந்தான். தன் நடத்தையைத் தவறாக எண்ணிவிடுவார்களே என்ற அச்சத்தில் அவன் எவரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் ஒரு கண்ணின் பார்வை பெரிதும் மங்கிவிட்டிருந்தது.

நோயின் பெயர் பெஹ்செத். இம்மூன்று துன்பங்களும் ஒரே நோயின் கூறுகள் என்று 1937இல் எடுத்துரைத்தவர், இஸ்தான்புல் தோல்நோய்ப் பேராசிரியர் ஹுலூசி பெஹ்செத். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தடம்புரண்டு இரத்தக் குழாய்களை அழலச் செய்கிறது. இது தொற்றுவதில்லை, ஒழுக்கக்கேட்டால் வருவதுமில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். துருக்கியின் பல பகுதிகளில் எடுத்த கணக்குகளில் இலட்சம் பேருக்கு 20 முதல் 420 பேர் வரை இந்நோயாளர் இருந்தனர். பெர்லின் நகரில் 2006இல் வெளியான ஆய்வோ இன்னும் வியப்பளிப்பது: ஜெர்மானியரில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 1.5 பேர், அதே நகரில் வாழும் துருக்கிய வம்சாவளியினரில் 77 பேர்! நகர் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால் இந்த 77 எங்கே தெரியும்? மரபணுக்கும் இதில் பங்குண்டு. எனினும் அது மட்டுமே காரணமன்று. ஜப்பானில் ஓரளவு காணப்படும் இந்நோய், ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியரிடம் அரிதாகவே காணப்பட்டது.

நோய் மிகுந்த நாட்டில் மருத்துவர் முன்கையில் ஊசியால் குத்தி, இரண்டு நாளில் அங்கே கொப்புளம் எழுகிறதா என்று பார்ப்பார். அரிதான ஊரிலோ அந்நினைவே எழுவதில்லை. நம் தம்பிமார் அங்கேதான் தவறவிடப்படுகிறார்கள்.

சென்ற மாதம் லாத்தாவின் மகனுக்கு வாய்ப்புண். பெரும்பாலான வாய்ப்புண்கள் தாமே ஆறிவிடுபவைதாம், அறிவேன். ஆயினும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த மருத்துவர் கேட்டதையே அவனிடம் கேட்டேன்.

"இல்லை மாமா" என்றான், முகம் சிவக்க.